நாற்பது வயதில் வேலையை விட்டுவிட்டு முழுநேரப் படிப்பில் சேர்ந்தால் செலவைச் சமாளிக்க முடியுமா?

உங்களுக்குக் குடும்பம் இருக்கும், ஓரளவு சேமிப்பு இருக்கும், வீட்டில் எல்லோரும் முழுமனத்தோடு சம்மதித்திருக்க மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். ஏனெனில் 41 வயதில் ஈராண்டு முதுகலைப் படிப்பில் சேர்ந்தபோது என் நிலைமை அதுதான்.

படிப்பு 24 மாதம் என்பதால் கையிலிருந்த சேமிப்பை 24 ஆல் வகுத்து, மாதத்துக்கு இவ்வளவு என்று முடிவு செய்தேன். அதுவே நான் செய்த பெரிய தவறு. கடைசித் தேர்வு எழுதி, முடிவு வெளிவந்து, சான்றிதழ் கிடைத்து, வேலை தேடிச் சேர்ந்து, முதல் சம்பளம் கணக்கில் ஏறியபோது 29 மாதங்கள் ஆகியிருந்தன. மாதந்தோறும் மிச்சமிருக்கும் தொகையை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிய தாளில் என் மனைவி எழுதி வருவார். 26ஆம் மாதத்தில் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். நானும் ஏன் என்று கேட்கவில்லை. வேலையை விட்டதும் நிறுவனம் தந்திருந்த மருத்துவக் காப்பீடு நின்றுபோகும் என்பதையும் நான் கணக்கில் கொள்ளவில்லை. மகளை மருத்துவமனையில் சேர்த்த இரவில்தான் அது உறைத்தது.

கல்விக்கடன் வாங்குவதாக இருந்தால், படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்ற சொல்லில் மயங்கிவிடாதீர்கள். பல கடன்களில் அப்போதும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆண்டுக்கு 10 விழுக்காடு தனிவட்டி என்றால், முழுத் தொகையையும் முதல் நாளே வாங்கியவருக்கு, 30 மாதம் கழித்துத் திருப்பிக் கட்டத் தொடங்கும்போது அசலில் 25 விழுக்காடு வட்டியாகச் சேர்ந்திருக்கும். அதையே ஆறு மாதத்துக்கு ஒன்றாக நான்கு சம பங்குகளாக வாங்கினால் 17.5 விழுக்காடுதான் சேரும்.

உதவித்தொகை விஷயத்தில்தான் என் மனம் இன்னும் ஆறவில்லை. விண்ணப்பத்தில் தந்தையின் ஆண்டு வருமானத்தைக் கேட்டிருந்தார்கள். என் தந்தை இறந்து 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் வாங்க முடியாது என்று அலுவலர் படிவத்தை என் பக்கமே தள்ளினார். என் சொந்த வருமானத்தைக் காட்டியபோது, முந்தைய ஆண்டு நான் வாங்கிய சம்பளத்தைப் பார்த்துத் தகுதியில்லை என்றார்கள். அந்தச் சம்பளத்தை விட்டுவிட்டுத்தானே படிக்க வந்தேன்! பிறகு ராஜினாமா ஏற்புக் கடிதத்தையும் ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கையையும் இணைத்து, இப்போதைய வருமானத்தை வைத்து மறுபரிசீலனை செய்யுமாறு எழுத்துமூலம் கேட்டேன். மூன்றாம் செமஸ்டரில் பாதிக் கட்டணம் தள்ளுபடியானது. முதல் செமஸ்டரிலேயே கேட்டிருக்க வேண்டும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மனைவியின் சம்பளம் இருந்ததால்தான் இது நடந்தது என்று சிலர் கருத்திடக்கூடும். அதை நான் மறைக்கவில்லை. வாடகையும் உணவும் அவர் சம்பளத்தில்தான் நடந்தன. தனியாளாகக் குடும்பத்தைத் தாங்குபவருக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது.

ஆனால் ஒன்றை யாரும் செய்து பார்க்கலாம். ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன் மூன்று மாதம், மாணவராக இருக்கும்போது கிடைக்கப்போகும் தொகையை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்திப் பாருங்கள். அதில் மிஞ்சும் சம்பளத்தைத் தனிக் கணக்கில் போட்டு, 25ஆம் மாதம் வரை தொடாமல் வையுங்கள்.