ரோபோ கை மாட்டினால் அப்பாவின் கை வருமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. பக்கவாதம் வந்து ஐந்து மாதமாகிறது. வலது கையைத் தோள் வரைகூடத் தூக்க முடியவில்லை. ஒரு சென்டரில் ரோபோ கை மாட்டிப் பயிற்சி தருகிறார்களாம். கடன் வாங்கியாவது சேர்க்கலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: கடன் வேண்டாம்மா. பிசியோதெரபிஸ்ட்டாக அந்த இயந்திரத்தோடு வேலை பார்த்தவள் சொல்கிறேன். மேல்கையிலும் முன்கையிலும் பட்டை கட்டியதும், கையின் எடையை இயந்திரத்தின் சட்டகம் தாங்கிக்கொள்ளும். திரையில் தெரியும் பொருளை எட்டிப் பிடிக்க வேண்டும். அசைவு பாதியில் நின்றால் மிச்சத்தை மோட்டார் முடித்துக்கொடுக்கும். நான் பிடித்துச் செய்தால் முப்பதாவது முறை என் தோளே கடுத்துப்போகும், அதற்குக் கடுக்காது. அதன் பெருமை முக்கால்வாசி அதுதான்.

சூரிச்சில் உருவான ஆர்மின் என்ற ரோபோ கைக் கருவியை சுவிட்சர்லாந்தில் 77 பேரை வைத்துச் சோதித்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான பயிற்சியைவிடக் கூடுதலாகக் கிடைத்தது எவ்வளவு தெரியுமா? கை அசைவை அளக்கும் சோதனையில் 66 மதிப்பெண்ணுக்கு ஒன்றுகூட இல்லை!

பக்கத்து அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டில், மேசைமேல் துண்டு விரித்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்து அவரையே முன்னால் தள்ளச் சொல்லுங்கள். நீங்கள் தள்ளிவிடக் கூடாது. முயற்சி அவருடையதாக இருக்க வேண்டும். அப்புறம், எழுப்பி உட்காரவைக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அப்படி இழுப்பதாலும் தோள் வலி வரும்.