உண்ணிக்கடியும் லைம் நோயும்

கேள்வி: உண்ணி கடித்த இடம் மறுநாளே சிவந்துவிட்டது. இது லைம் நோயா?

பதில்: லைம் நோய் என்பது உண்ணிக்கடியால் பரவும் பாக்டீரியா தொற்று. மறுநாளே தோன்றி ஓரிரு நாளில் அடங்கும் சிறு தடிப்பு பெரும்பாலும் கடிக்கான ஒவ்வாமையே. அதன் ஓரத்தைப் பேனாவால் வட்டமிட்டு வையுங்கள். லைம் நோய்க்குரிய தடிப்பு 3 முதல் 30 நாள்களுக்குள் தோன்றி, வட்டத்தையும் தாண்டி விரிந்து, பெரும்பாலும் 5 செ.மீ.க்கு மேல் பரவும். அரிப்போ வலியோ அதிகம் இராது என்பதால், முழங்காலின் பின்புறம் போன்ற இடங்களில் கண்ணில் படாமலே போய்விடும். இந்நோயின் அடையாளமாக எல்லோரும் தேடும், வளையத்துக்குள் வளையம் போன்ற தடிப்பு பலருக்கு வருவதே இல்லை. காய்ச்சலும் அசதியும் சேரலாம். கவனிக்காமல் விட்டால், வாரங்கள் கழித்து முகத்தின் ஒரு பக்கம் தொய்வதும் இதயத்துடிப்பு தடுமாறுவதும், மாதங்கள் கழித்து முழங்கால் வீங்குவதும் உண்டு. தொடக்க வாரங்களில் இரத்தப் பரிசோதனை நோயைக் காட்டாமல் போகலாம். ஆகவே தடிப்பு விரிந்தால், அதைப் பார்த்தே மருத்துவர் ஆன்டிபயாடிக் தொடங்குவார்.