ஒரே மழை, இரண்டு மாநிலம்: கேள்வி பதில்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறை வட்டாரத்து நண்பர்கள் வெள்ளம், வறட்சி, வெயில் பற்றி அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். புவியியல் கற்பித்தவன் நான். வீட்டு முற்றத்தில் மழைமானி வைத்து அளந்தும் வருகிறேன்.

கேள்வி (தென்னை விவசாயி, வடகரப்பதி): மாஷே (வாத்தியாரே), 2018இல் கேரளமே மூழ்கியது. அடுத்த கோடையில் என் கிணறு வறண்டது. இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும்?

அண்ணா, இரண்டுக்கும் காரணம் சூடேறிய காற்றுதான். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைச் சுமக்கும். மழை வந்தால் சுமந்ததைக் கொட்டித் தீர்க்கும். வராத நாட்களில் உங்கள் தோப்பு மண்ணிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். 2018 ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை கேரளத்தில் சராசரியாக 2,346 மி.மீ. பெய்தது. அந்த நாட்களுக்கான வழக்கமான அளவு 1,649. ஆனால் சில நாட்களில் ஒருசேரக் கொட்டுகிற மழை ஆற்றோடு போய்விடும். கிணற்றுக்கு வேண்டியது நின்று நிதானமாகப் பெய்கிற மழை. போதாததற்கு நம் கிழக்குப் பஞ்சாயத்துகள் மழை மறைவுப் பகுதி, அதாவது மலை மறைப்பதால் மழை குறைவாகக் கிடைக்கும் இடம். மாநிலச் சராசரியை நம்பி இங்கே பயிர் வைக்க முடியாது.

கேள்வி (கல்லூரி மாணவி, வேலந்தாவளம்): வயநாடு நிலச்சரிவுக்குக் காலநிலை மாற்றம்தான் காரணம் என்று சொல்லலாமா?

"அதுதான் காரணம்" என்று சொல்லக் கூடாது அம்மா. "எவ்வளவு பங்கு" என்று கேட்க வேண்டும். அதைக் கணக்கிடவே பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து வேலை செய்கிறார்கள். முதலில் அந்த ஊரின் பழைய மழைப் பதிவுகளை எடுப்பார்கள். பிறகு கணினி மாதிரிகளில் இன்றைய சூடான உலகத்தையும், மனிதர் சூடேற்றாத உலகத்தையும் ஒப்பிடுவார்கள். 2024 ஜூலை 30 நிலச்சரிவுக்குக் காரணமான மழையை உலக வானிலை காரணப் பகுப்பாய்வுக் குழு இப்படி ஆராய்ந்தது. அந்த ஒரு நாள் மழையைக் காலநிலை மாற்றம் ஏறத்தாழ 10 சதவீதம் கனமாக்கியது என்று கண்டது. மலையை வெட்டியதும் சரிவில் வீடு கட்டியதும் தனிக் கணக்கு.

இந்த முறை எப்போதும் "ஆம்" என்று தலையாட்டாது. 2015 சென்னை வெள்ளத்தை ஆராய்ந்தவர்கள், அந்த மழையில் காலநிலை மாற்றத்தின் தடம் தெளிவாகத் தெரியவில்லை என்றே எழுதினார்கள். அதனால்தான் வயநாட்டு முடிவை நான் நம்புகிறேன்.

கேள்வி (நூறு நாள் வேலை செய்யும் அம்மா, எருத்தேம்பதி): வெயில் எங்களுக்குப் பழகியதுதான். இப்போது ஏன் தாங்க முடியவில்லை?

வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும் அம்மா. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். உள்ளே சூடு ஏறும். இரவிலும் வெக்கை இறங்காவிட்டால் மறுநாள் களைப்போடுதான் மண்வெட்டியைப் பிடிப்பீர்கள். சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடினால் அது வெப்ப அலை. 2024 ஏப்ரலில் பாலக்காட்டுக்கு அப்படி அறிவித்தார்கள். கடும் கோடையில் வெட்டவெளி வேலைக்குப் பகல் 12 முதல் 3 வரை ஓய்வு தர வேண்டும் என்று கேரளத் தொழிலாளர் துறை உத்தரவிடுகிறது. உத்தரவு வந்ததும் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள், தயங்க வேண்டாம். யாருக்காவது தலை சுற்றி, பேச்சு குழறினால் அவரை உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி (லாரி ஓட்டுநர், கோவிந்தாபுரம்): ஆளியாற்றுத் தண்ணீரைத் தமிழ்நாடு தரவில்லை என்று இங்கே சொல்கிறார்கள், பொள்ளாச்சியில் வேறு கதை. யார் சொல்வது சரி?

இரு மாநிலமும் செய்த 1970 பரம்பிக்குளம்-ஆளியாறு ஒப்பந்தப்படி, பாலக்காட்டுச் சித்தூர்ப் பள்ளத்தாக்குக்குத் தமிழ்நாடு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி, எல்லையோர மணக்கடவில் அளந்து தர வேண்டும். நான் இரு பக்கமும் உறவினர் உள்ளவன். இரு பக்க வயலும் காய்ந்ததைப் பார்த்தவன். வால்பாறை மலையில் பெய்வதுதான் இரண்டு பக்கத்துக்கும். அந்த மழை எந்த மாதத்தில், எத்தனை நாளில் பெய்கிறது என்பதை இரு மாநிலப் பொறியாளர்களும் வானிலை ஆய்வாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பார்த்து, அணை திறக்கும் நாளை முடிவு செய்ய வேண்டும். தனித்தனிக் கணக்கோடு வந்தால் பங்குனியில் சண்டைதான் மிஞ்சும்.

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு மாணவன், கொழிஞ்சாம்பாறை): நான் மழை அளந்தால் யாருக்குப் பயன்?

தம்பி, வயநாட்டில் கல்பற்றாவில் உள்ள ஹியூம் மையம் விவசாயிகள் அளக்கும் மழையை வைத்தே ஊர்வாரியாக எச்சரிக்கை தருகிறது. ஒரு குன்றின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேறு மழை பெய்யும். தொலைவில் உள்ள அரசு மானிக்கு அது தெரியாது. 1924இன் (கொல்லம் ஆண்டு 1099) 'தொண்ணூற்றொன்பது வெள்ளத்தோடு' 2018ஐ இன்று ஒப்பிட முடிவதும் அன்று யாரோ அளந்து எழுதியதால்தான்.

மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் மானியை வை. தினமும் காலை 8.30க்கு அளவுக் குடுவையில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கிப் பார். தண்ணீர் கண்ணாடியோரம் சற்று ஏறி நடுவில் குழிந்திருக்கும். குழியின் அடியில் உள்ள கோட்டைத்தான் படிக்க வேண்டும். மழை இல்லாத நாளில் சுழி (0) என்று எழுது. வெற்றிடமாக விட்டால் மழை பெய்யவில்லையா, நீ பார்க்கவில்லையா என்று பின்னால் படிப்பவருக்குத் தெரியாது.