கீசருக்குள் பச்சைத் தண்ணீர் நுழையும் வழி: வாசகர் கேள்வி–பதில்

வாட், லிட்டர், ஸ்டார் எல்லாம் பார்த்துத்தான் கீசர் வாங்குகிறோம். தண்ணீர் உள்ளே நுழையும் அரை இஞ்ச் குழாயை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் எத்தனை வாளி வெந்நீர் கிடைக்கும், தொட்டி எவ்வளவு காலம் தாங்கும் என்பதில் பெரும்பங்கு அந்த வழிக்குத்தான். வந்த கடிதங்களில் அது பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

எங்கள் வீட்டில் 25 லிட்டர், 2000 வாட் கீசர். விளக்கு அணையும்வரை காத்திருந்து திறந்தாலும் முதல் அரை வாளிதான் நல்ல சூடு, அப்புறம் வெதுவெதுப்புதான். காயில், தெர்மோஸ்டாட் இரண்டையும் மாற்றியாயிற்று, பலன் இல்லை. – வாசகி, திருச்சி

விளக்கு அணைகிறது என்பதே காயிலும் தெர்மோஸ்டாட்டும் வேலை செய்வதற்கு அடையாளம். 25 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 2000 வாட்டுக்கு அரை மணி நேரம் போதும். உங்கள் வீட்டில் சூடாவதில் குறையில்லை. சூடான தண்ணீர் வெளியே வருமுன்பே பச்சைத் தண்ணீர் அதில் கலந்துவிடுகிறது.

கீசரில் வெந்நீரை வெளியே தள்ளுவது உள்ளே வரும் பச்சைத் தண்ணீர்தான். சுவரில் செங்குத்தாக மாட்டும் கீசரில் இரண்டு குழாயும் அடியில்தான் இருக்கும். உள்ளே, குளிர்நீர்க் குழாய் கட்டையாக அடியிலேயே முடிந்துவிடும்; வெந்நீர்க் குழாய் தொட்டியின் உச்சி வரை போகும். பச்சைத் தண்ணீர் கனமானது. மெதுவாக நுழைந்தால் அடியிலேயே பரவி, மேலே உள்ள வெந்நீரைக் கலக்காமல் தூக்கிக் கொடுக்கும். வேகமாகப் பீய்ச்சியடித்தால் மொத்தத் தொட்டியையும் கலக்கிவிடும். முழுக்கக் கலந்துவிடும் தொட்டியில் 60 டிகிரியில் தொடங்கினால் 5 லிட்டர் எடுத்ததும் 54, 10 லிட்டரில் 48, 15 லிட்டரில் 44 டிகிரி என்று இறங்கும். நல்ல தொட்டியில் 15 லிட்டர் எடுத்த பிறகும் கிட்டத்தட்ட அதே சூடு இருக்க வேண்டும்.

இதை நீங்களே சோதிக்கலாம். விளக்கு அணைந்ததும் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, வெந்நீர்க் குழாயை மட்டும் திறந்து ஐந்தைந்து லிட்டராகப் பிடித்து, சமையல் தெர்மாமீட்டரால் ஒவ்வொன்றையும் அளந்து எழுதுங்கள். மேலே சொன்னதுபோலப் படிப்படியாக இறங்கினால் கலப்பு நடக்கிறது. சோதனைக்கு முன்பு ஒன்றை மட்டும் பாருங்கள்: நீல வளையம் உள்ள பக்கத்தில்தான் குளிர்நீர் இணைந்திருக்கிறதா? இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிடுவது சகஜமாக நடக்கிற தவறு. அப்படிக் கொடுத்தால் பச்சைத் தண்ணீர் உச்சியில் விழுந்து கலந்துகொண்டே இறங்கும், வெளியே போவது அடித்தண்ணீர்.

இணைப்பு சரியாக இருந்தால், குளிர்நீர்க் குழாயின் உள்முனையில் இருக்கும் டிஃப்யூசர் மூடி (தண்ணீரைப் பீய்ச்சவிடாமல் மெதுவாகப் பரப்பிவிடுவது) கழன்றிருக்கலாம். சில மாடல்களில் அது அழுத்திச் செருகிய பிளாஸ்டிக் மூடிதான். காயில் தகட்டைக் கழற்றினால் தெரிந்துவிடும். மாற்றும்போது கேஸ்கெட்டையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழையதை மறுபடி முடுக்கினால் பெரும்பாலும் கசியும். மூடியும் சரியாக இருந்து முதல் லிட்டரே சூடாக வரவில்லை என்றால், உச்சி வரை போகும் வெந்நீர்க் குழாய் பாதியில் அரித்து ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

டிப்ளமோ புராஜெக்ட்டுக்காக 25 லிட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி செய்கிறோம். குளிர்நீர் டிஃப்யூசரில் எத்தனை துளை, என்ன அளவில் போட வேண்டும்? எல்லோரும் குத்துமதிப்பாகச் சொல்கிறார்கள். – மாணவர், கோவை

கணக்குப் போட்டே முடிவு செய்யலாம். 30 செ.மீ. விட்டம், 35 செ.மீ. உயரம் உள்ள உருளை ஏறத்தாழ 25 லிட்டர் பிடிக்கும். அதிகபட்ச ஓட்டத்தை நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று கொள்ளுங்கள். நொடிக்கு 167 கன செ.மீ. குழாயின் உள்விட்டம் 15 மி.மீ. என்றால் பரப்பு 1.77 சதுர செ.மீ. அதனால் தண்ணீர் நொடிக்கு 94 செ.மீ. வேகத்தில் நுழைகிறது.

இந்த வேகத்தைத் தடுக்கத் தொட்டிக்குள் இருப்பது அடர்த்தி வித்தியாசம் ஒன்றுதான். 25 டிகிரியில் தண்ணீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 997 கிலோ, 60 டிகிரியில் 983 கிலோ. வித்தியாசம் 1.4 சதவீதம். வெந்நீருக்குள் மேல்நோக்கிப் பாயும் பச்சைத் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும் என்பதற்கு, வேகத்தின் வர்க்கத்தை 2 × 9.81 × 0.014 ஆல் வகுக்க வேண்டும். நொடிக்கு 0.94 மீட்டருக்கு விடை 3.2 மீட்டர். நடுவழியில் ஏற்படும் கலப்பை இதில் சேர்க்கவில்லை. ஆனாலும் 35 செ.மீ. தொட்டியில் அது உச்சியில் போய் மோதும் என்பதில் சந்தேகமில்லை.

ஏறும் உயரம் 10 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொண்டால் வேகம் நொடிக்கு 16 செ.மீ.தான். அதற்கு வேண்டிய பரப்பு 10.4 சதுர செ.மீ. 8 மி.மீ. துளை ஒன்றின் பரப்பு 0.5 சதுர செ.மீ., ஆக 21 துளைகள். எல்லாவற்றையும் பக்கவாட்டில் போடுங்கள், மேல்முனையை மூடிவிடுங்கள். பக்கவாட்டில் போகும் தண்ணீரும் சுவரில் மோதி மேலே திரும்பும். அதனால்தான் மேல்நோக்கிய ஓட்டத்துக்குப் போட்ட கணக்கையே இங்கேயும் எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது. இத்தனை துளைகளுக்கு 15 மி.மீ. குழாயின் முனை போதாது. 40 மி.மீ. விட்டத்தில் ஒரு கிண்ணத்தைக் குழாய்மேல் கவிழ்த்துப் பற்றவைத்து, துளைகளை அதன் பக்கச்சுவரில் போட வேண்டும்.

எங்கள் சிபாரிசு இதைவிட எளிய வடிவம்: குழாய் வாய்க்கு நேர்மேலே 80 மி.மீ. வட்டத் தகடு, இடைவெளி 5 மி.மீ. சுற்றளவில் கிடைக்கும் திறப்பு 12.5 சதுர செ.மீ., வேகம் நொடிக்கு 13 செ.மீ. போர் தண்ணீரில் சிறு துளைகள் உப்புப் படிந்து ஒவ்வொன்றாக அடைபடும். அடைபட அடைபட மீதித் துளைகளில் வேகம் கூடி, எதற்காகப் போட்டோமோ அது கெட்டுவிடும். தகட்டின் இடைவெளி அவ்வளவு சீக்கிரம் அடைபடாது. ஆனால் 3 மி.மீ.க்குக் கீழே இடைவெளி வைக்காதீர்கள். தகட்டைத் தாங்கும் மூன்று கால்களும் சம உயரமாக இருக்க வேண்டும்; ஒரு பக்கம் சாய்ந்தால் தண்ணீர் முழுவதும் அகலமான பக்கமாகவே ஓடும்.

தகடோ துளையோ, தெர்மோஸ்டாட் குச்சிக்கு நேராகத் தண்ணீர் பாயக் கூடாது. பாய்ந்தால் ஒரு சொம்பு எடுத்தவுடனே காயில் எரியத் தொடங்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை எடுத்தால் மேல்தண்ணீர் மட்டும் வரம்புக்கு மேல் சூடேறி, சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட் விழும். திறப்பை அடியிலிருந்து 25 மி.மீ. உயரத்தில் வையுங்கள், படிந்திருக்கும் உப்புத் தூள் கிளம்பாது. தொட்டியைக் காலி செய்யும்போது அடித்தண்ணீரும் இறங்க, குழாயின் அடிப்பகுதியில் 3 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். தகட்டையும் குழாயையும் தொட்டி செய்த அதே உலோகத்தில் செய்யுங்கள். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) துண்டு ஒன்றைச் சேர்த்தால் அதுதான் முதலில் துருப்பிடித்துப் போகும்.

கீசருக்குக் கீழே உள்ள வால்விலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பிளம்பர் அதன் வாயை பிளக் போட்டு அடைத்துவிடலாம் என்கிறார். – வாசகர், வேளச்சேரி, சென்னை

அடைக்கவே கூடாது. நீங்கள் சொல்வது குளிர்நீர் வழியில் இருக்கும் மல்டி ஃபங்ஷன் வால்வு. தண்ணீரை உள்ளே விட்டுத் திரும்பிப் போகாமல் தடுப்பது, அழுத்தம் மிஞ்சினால் வெளியேற்றுவது இரண்டையும் அதுவே செய்கிறது. 25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏறும்போது சுமார் 350 மில்லி விரிவடைகிறது. திரும்பிப் போக வழியில்லாததால் அது சொட்டாக வெளியேறுகிறது. வாயை அடைத்தால் அந்த அழுத்தம் முழுவதையும் தொட்டியின் வெல்டிங் தாங்க வேண்டியிருக்கும். தெர்மோஸ்டாட்டும் சேர்ந்து பழுதானால் தொட்டி வெடிக்கவும் கூடும்.

சூடாகும்போது மட்டும் சொட்டினால் ஒரு சிறு குழாயை மாட்டிக் கீழ்நோக்கி வடிகாலுக்கு விட்டுவிடுங்கள். அதன் முனை திறந்தே இருக்கட்டும். கீசர் நின்றிருக்கும்போதும் சொட்டினால் வால்வுக்குள் மண் சிக்கியிருக்கலாம். நெம்புகோலை நாலைந்து முறை தூக்கி விட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் வரும் அழுத்தத்தை அளக்க வேண்டும். வீட்டுக் கீசர்களில் பல 8 பார் அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை, லேபிளில் இருக்கும். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் கணக்கு. உயர அடுக்குமாடியின் கீழ்த்தளங்களிலும், பிரஷர் பம்ப் போட்ட வீடுகளிலும், குளிர்நீர் வழியில் அழுத்தம் குறைக்கும் வால்வு வைத்து 3 பாருக்கு இறக்கிவிடுங்கள்.

மொட்டை மாடித் தொட்டிக்கு நேர்கீழே எங்கள் குளியலறை. குளிர்நீர் நன்றாக வருகிறது, வெந்நீர் மட்டும் நூலாக வருகிறது. கீசருக்குக் கீழே உள்ள வால்வைக் கழற்றிவிட்டால் சரியாகும் என்கிறார்கள். – வாசகர், நாகர்கோவில்

ஓட்டம் கூடும் என்பது உண்மை. தொட்டியிலிருந்து ஷவருக்கு இரண்டு மீட்டர் இறக்கம் இருந்தால் கிடைப்பது 0.2 பார், அதில் ஒரு பங்கை வால்வுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கே தின்றுவிடும். ஆனால் வால்வு இல்லாமல், மாடித் தொட்டி காலியாக இருக்கும் நேரத்தில் யாராவது கீழ்த்தளக் குழாயைத் திறந்தால், கீசரில் இருக்கும் தண்ணீர் குளிர்நீர் வழியாகவே கீழே இறங்கிவிடும். அப்போது சுவிட்ச் போட்டிருந்தால் காயில் வெறும் தொட்டியில் எரிந்து போகும்.

கழற்றுமுன் செய்யக்கூடியவை இருக்கின்றன. ஆங்கிள் காக்கையும் (கீசருக்குப் போகும் தண்ணீரைத் திறந்து மூடும் சுவர்க் குழாய்) வால்வின் வடிகட்டியையும் கழுவுங்கள். மாடித் தொட்டியிலிருந்து ஆங்கிள் காக் வரை முக்கால் இஞ்ச் குழாயாக்குங்கள். வழியில் குழாய் மேலே ஏறி இறங்கும் இடம் இருந்தால் அங்கே காற்று அடைத்துக்கொள்ளும், அதை நேராக்குங்கள். இவ்வளவுக்கும் பிறகு போதவில்லை என்றால் தொட்டியை ஒரு மீட்டர் உயர்த்திக் கட்டுவதுதான் நிலையான வழி. டிஃப்யூசரைக் குறை சொல்ல வேண்டாம். மேலே சொன்ன அளவில் செய்தது ஒரு செ.மீ. உயர அழுத்தத்தைக்கூட எடுக்காது.

சமையலறையில் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் முதலில் வெந்நீர் வருகிறது. – வாசகி, மதுரை

கீசருக்குப் போகும் ஆங்கிள் காக்கை மூடிவிட்டு வெந்நீர்க் குழாயை மட்டும் திறந்து பாருங்கள். சிறிது நேரத்தில் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால், வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் ஏதோ ஒரு மிக்ஸர் குழாயில் இரண்டு பக்கமும் திறந்தபடி இருக்கிறது. கைஷவரை அதன் முனையில் மட்டும் மூடிவிட்டு மிக்ஸரைத் திறந்தே விடும் வீடுகளில் இதுதான் காரணம். நின்றுவிட்டால், கீசர் வால்வின் திரும்பாத் தடுப்பு தேய்ந்திருக்கிறது. வால்வை மாற்றிவிடுங்கள்.

எங்கள் ஊர் போர் தண்ணீரில் கீசர் சீக்கிரம் ஓட்டையாகிறது. குளிர்நீர் வழியில் ஏதாவது மாட்டலாமா? – வாசகர், ராமநாதபுரம்

முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்கிறது. வேறு நீராதாரம் இல்லாதபோது 600 வரை. அதற்கு மேலே இருந்தால் மென்நீராக்கும் கருவி வேண்டும். கண்ணாடிக் குடுவை வடிகட்டி மணலைப் பிடிக்குமே தவிர, கரைந்த உப்பைப் பிடிக்காது. உள்ளே இருக்கும் மெக்னீசியம் கம்பியை ஆண்டுக்கொரு முறை பாருங்கள். மெக்னீசியம் கரைந்து நடுக்கம்பி மட்டும் மிஞ்சியிருந்தால் மாற்றுங்கள். தொட்டிக்குப் பதிலாக அரிபட்டுக் கரைவதுதான் அதன் வேலை.

டொரொண்டோவில் மகன் வீட்டு வாட்டர் ஹீட்டரில் குளிர்நீர் உச்சி வழியாக நுழைகிறது. அது எப்படிச் சரியாகும்? – வாசகர், தஞ்சாவூர்

உள்ளே நீண்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்று குளிர்நீரை அடி வரை கொண்டுபோய் விடுகிறது. 1990களின் நடுவில் செய்த பல அமெரிக்க ஹீட்டர்களில் அந்தக் குழாய் வெந்நீரில் நொறுங்கிப்போனது. துகள்கள் குழாய் முனைச் சல்லடைகளை அடைத்தன. வெந்நீரும் சீக்கிரம் தீர்ந்தது. மகன் வீட்டில் வெந்நீர் திடீரென்று குறைந்தால் இந்தக் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள்.

புதிய கீசரை மாட்டும்போது குளிர்நீர் இணைப்பில் எதைக் கவனிக்க வேண்டும்? – வாசகர், சேலம்

வால்வில் உள்ள அம்புக்குறி கீசரை நோக்கி இருக்க வேண்டும். வால்வுக்கும் கீசருக்கும் நடுவே மூடித் திறக்கும் காக் எதுவும் கூடாது. மரைக்கு டெஃப்லான் டேப்பை மரை முடுக்கும் திசையிலேயே எட்டுப் பத்துச் சுற்று சுற்றுங்கள். இணைப்பு ஹோஸில் ரப்பர் வாஷர் இருக்கிறது, அங்கே டேப் வேண்டாம். கையால் இறுக்கி ஸ்பேனரில் கால் சுற்று போதும். சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாயைக் கீசரில் நேராக ஒட்டாமல் பித்தளை மரை உள்ள இணைப்பில் முடியுங்கள். பிறகு வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்துத் தொட்டியை நிரப்புங்கள். முதலில் காற்று சீறிக்கொண்டு வரும். தண்ணீர் தடைபடாமல் ஒரே சீராக வந்த பிறகுதான் சுவிட்ச் போட வேண்டும்.