மாடித் தொட்டியில் கீரை விதைக்க வெறும் செம்மண் போதுமா?

போதாது. நாலு நாள் தண்ணீர் ஊற்றினாலே மேல்மண் இறுகி ஓடு கட்டிவிடும். அரைக்கீரை, சிறுகீரை விதையெல்லாம் கடுகைவிடப் பொடிசு. அந்த ஓட்டை முட்டிக்கொண்டு வர முளைக்குத் தெம்பு இருக்காது.

செம்மண், தேங்காய் நார்க்கழிவு, சலித்த மண்புழு உரம் மூன்றையும் சம பங்கு எடுங்கள். 10 லிட்டர் கலவைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்குத் தூள் சேர்த்து, லேசாக ஈரப்படுத்தி, 10 நாள் நிழலில் வைத்தபிறகே விதையுங்கள். பிண்ணாக்கு மட்கும் சமயத்தில் விதைத்தால் முளை கெட்டுப்போகும்.

பலர் கோட்டைவிடுவது நார்க்கழிவில்தான். கட்டியாக விற்பதில் பெரும்பாலும் உப்பு தங்கியிருக்கும். ஊறவைத்துப் பிழிந்தால் முதலில் டிக்காஷன் நிறத்தில் தண்ணீர் வடியும்; அது வெளுக்கும்வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். அலசாமல் போட்டால் முளைப்பு குறையும், தப்பி வந்த செடியிலும் இலை ஓரம் கருகும்.

கலவை சரியா என்று பார்க்க ஈரமாக ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராவிட்டால் இன்னும் கொஞ்சம் நார்க்கழிவு சேருங்கள்.

6 அங்குல ஆழம் போதும். விதையை மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிசாகக் கலவை போட்டுப் பூவாளியால் தெளியுங்கள். குவளையால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும்.