சொட்டு மருந்துக்குப் பின்னால் இருக்கும் வேலைகள்

வணக்கம் அம்மா.

இரண்டு முறை நீட் எழுதியும் இடம் கிடைக்காத உங்கள் மகள், பி.எஸ்சி. நுண்ணுயிரியல் முடித்துவிட்டு ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள். "குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்க ஆசைப்பட்டவள், ஆய்வகத்தில் உட்கார்ந்து எந்தக் குழந்தைக்கு என்ன செய்துவிடப் போகிறாள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன்.

ஒன்றரை மாதக் குழந்தைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரோட்டா சொட்டு மருந்து தருகிறார்கள். ரோட்டா என்ற வைரஸால் வரும் கடுமையான வயிற்றுப்போக்கால் குழந்தையின் உடம்பில் நீர் வற்றிப்போகாமல் தடுக்கும் மருந்து அது. நம் நாட்டில் உருவான ரோட்டாவேக் மருந்தின் கதை 1980-களில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் தொடங்கியது. அங்கே பிறந்த சில சிசுக்களின் மலத்தில் ரோட்டா வைரஸ் இருந்தது; ஆனால் வயிற்றுப்போக்கு இல்லை. டாக்டர் எம்.கே. பான் குழுவினர் இதைச் சும்மா விடவில்லை. நோய் தராத அந்த வைரஸே பின்னாளில் குழந்தைகளைக் காக்கிறது என்று கண்டார்கள். அதிலிருந்துதான் மருந்து பிறந்தது.

பிறகு டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள். இங்கேதான் உங்கள் மகளுக்கான இடம் இருக்கிறது, அம்மா. வீடுவீடாகப் போய்க் குழந்தையின் உடல்நிலையைக் கேட்டுக் குறித்தவர்கள் களப்பணியாளர்கள். மல மாதிரியில் இருப்பது ரோட்டாவா, வேறு கிருமியா என்று பிரித்துச் சொன்னவர்கள் நுண்ணுயிரியல் படித்தவர்கள். எத்தனை குழந்தைகள் இருந்தால் முடிவை நம்பலாம் என்று கணக்கிட்டவர்கள் புள்ளியியலாளர்கள். மருந்து பெற்ற குழந்தைகளிடம் முதல் வயதில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கு பாதிக்கு மேல் குறைந்தது என்று அடித்துச் சொல்ல முடிந்தது இவர்கள் எல்லோராலும்தான். 2016-இல் ரோட்டா மருந்து தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. அடுத்த ஆண்டே தமிழ்நாட்டுக்கும் வந்தது. ஒரு மருத்துவர் தன் வாழ்நாள் முழுவதும் பார்க்கக்கூடிய குழந்தைகளைவிட எத்தனை மடங்கு பேரை இது தொடுகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

சிரமத்தையும் மறைக்க மாட்டேன். ஆய்வுத் திட்ட வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். எம்.எஸ்சி. முடித்து, நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். முனைவர் பட்டத்துக்கு இன்னும் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை "கல்யாணம் எப்போது?" என்று உறவினர்கள் கேட்பார்கள். அவளுக்குப் பதிலாக நீங்கள்தான் அவர்களுக்கு வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாம் முறை நீட் எழுதச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். வேலூர் சி.எம்.சி., சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களின் அறிவிப்புகளை அவள் இப்போதிருந்தே பார்த்துவரட்டும். அடுத்த முறை வரும்போது அவளையும் அழைத்து வாருங்கள். ஆய்வகம் பிடிக்குமா, வீடுவீடாகப் போய் மனிதர்களிடம் பேசுவது பிடிக்குமா என்று அவள் வாயாலேயே கேட்க வேண்டும்.