ஏலத்துக்கு விடும் பழைய காருக்கும் அலமாரிக்கும் விவரம் எழுதுவது எப்படி?

ராயபுரம் வீட்டில் தாத்தா விட்டுப்போன 1968 அம்பாசிடரையும் பர்மா தேக்கு அலமாரியையும் ஏலத்தில் விட என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். "அரிய பொக்கிஷம்", "சூப்பர் கண்டிஷன்" எல்லாம் வேண்டாம். அதைப் படித்து யாரும் விலையை ஏற்றிக் கேட்க மாட்டார்கள்.

காருக்கு உயிரே எஞ்சின், சேசிஸ் நம்பர்கள்தான். ஆர்சி புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். நடுவில் டீசல் எஞ்சின் மாற்றியிருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். 50 வருடம் தாண்டி, பெரிதாக மாற்றம் செய்யாத சொந்த வண்டியை 2021 விதிப்படி விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். விவரம் தெரிந்தவர் அதைத்தான் தேடுவார். போதாக்குறைக்கு, ராயபுரத்தை ஒட்டிய காசிமேட்டுக் கடற்காற்று பட்ட வண்டி இது. அடித்தகடு, கதவின் கீழ்விளிம்பு, டிக்கி எல்லாவற்றிலும் துருவைக் கிட்டே போய்ப் படமெடுத்துப் போடுங்கள்.

அலமாரிக்கு இழுப்பறையை வெளியே உருவிப் பாருங்கள். மூலையில் கோக்கும் பற்கள் ஒரே அளவில் இல்லாவிட்டால் கைவேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். கீல், பூட்டு, பின்பலகை எது பழசு, எது மாற்றியது என்று தனித்தனியே குறியுங்கள். தயவுசெய்து புதிதாக பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள், பழைய மெருகுக்குத்தான் மதிப்பு.

ஆதாரம் இல்லாமல் "100 வருடப் பழமை" என்று எழுதாதீர்கள். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கைவினைப் பொருள் தொல்பொருள் ஆகிவிடும். வாங்கியவர் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது.